தமிழ் தெரிந்த அல்சேசன்

யோகராசாவின் கணக்கில் உலகத்தில் இரண்டு சாதி நாய்கள்தான் உண்டு. ஒன்று அல்சேசன். மற்றது வெறும் வாலும் குரைப்பும். சகலன் அழகரத்தினம் வளர்த்த பெல்ஜியம் நாயை அவர் அந்த இரண்டாவது சாதியிலும் சேர்க்கவில்லை. "அது நாயில்ல, நரிக்கும் கீரிக்கும் பிறந்தது" என்று தான் வேலை செய்யும் நெல் ஆலையில் மூட்டை இறக்குகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர்களில் கோணாமலை என்பவன்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பான். நாய்க்கதை கேட்கும் சாட்டில் அவனுக்கு ஒரு பீடி குடித்து முடிக்கலாம்.

நாவற்குடாவில் சகலர் இருவருக்கும் ஒரே வளவு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து ஏறுகிறவன். மூத்தவளுக்கு முன்வீடு, இளையவள் மங்கையற்கரசிக்குப் பின்வீடு. அந்தப் பின்வீட்டுக்கு யோகராசா கொண்டுவந்தது உடுத்த உடுப்பையும், முன்பு பதுளைப் பக்கத்தில் ஒரு தோட்டத் துரைக்குச் சாரதியாக இருந்தபோது கிடைத்த நாய்க்குட்டியையும்தான். கதிரை, கிணறு, தென்னை, வட்டையில் கிடக்கும் வயல், ஏன், தலை வைக்கிற தலையணைகூட மனைவியின் சீதனம். றெக்ஸ் மட்டும் அவருடையது. மனிதர் நாயைப் பற்றி ஓயாமல் பேசியதில் அதிசயமில்லை. சொந்தமென்று பேச வேறொன்றும் அவரிடம் இருக்கவில்லை.

அழகரத்தினம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். சண்டை முற்றியபோது உதவி நிறுவனத்து வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டை விட்டுப் போனார். போகும்போது லூயி என்ற தன் நாயை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நீண்ட அழகரத்தினத்தின் வாய் பிறகு சுருங்கவேயில்லை.

"தம்பி, ஐரோப்பாவில பொலிஸ்காரன் இப்ப அல்சேசனைத் திரும்பியும் பாக்கிறதில்ல. நடு முறிஞ்ச சாதி. வயசு போக முதலே பின்னங்காலை இழுக்கும். என்ட லூயியைப் பாருங்க, மதிலை ஒரே எட்டில தாண்டுது."

"மதில் தாண்ட ஆடு காணும் அண்ணன்."

"ஓட்டத்தில விட்டாத் தெரியும்."

"ஓட்டத்துக்கு நல்லதுதான். விளையாட்டுப்போட்டியில விட்டு வேடிக்கை பாக்கலாம். வேலைக்கு விட்டா அது கள்ளனையும் கடிக்கும், பிடிக்கச் சொன்னவனையும் கடிக்கும். அல்சேசன் யோசிச்சுத்தான் வாயை வைக்கும். விடு எண்டா விடும். உங்கட லூயிக்கு விடு எண்டு எந்தப் பாஷையில சொல்றது?"

இது சுடுகிற இடம். லூயிக்கு இங்கிலீசு மட்டும்தான் தெரியும். அழகரத்தினத்தின் இங்கிலீசு அதற்கும் விளங்குவதில்லை. யோகராசாவோ றெக்ஸுக்குக் குந்து, கிட, தேடு, பிடி, விடு என்று நல்ல தமிழில் பழக்கியிருந்தார். தேடப் பழக்கியது துரை வேட்டையில் சுட்டு எறிந்த தோட்டாக்களை ஒளித்துவைத்துத்தான். 'பட்டிக்காட்டு நாய்' என்று சகலன் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும், இங்கிலீசு விளங்காத நாயைவிட இங்கிலீசு விளங்காத எசமான் கேவலம் என்பது யோகராசாவின் கட்சி.

மங்கையற்கரசிக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். "நாய் ரெண்டும் சும்மாதான் கிடக்கு. கட்டி வளர்க்கிறதுகள்தான் குரைக்குதுகள்" என்பாள்.

ஆலையில் அவிழ்த்துவிட்ட பெருமை ஆலையோடு நிற்குமா? பாலத்தடிப் பொலிஸ் முகாமில் வெடிமருந்து மோப்பம் பிடிக்கிற நாயைப் பாம்பு கடித்துவிட்டது. அதிகாரி வேறு நாய் தேடினார். நாவற்குடாவில் பெரிய சாதி நாய் இரண்டு இருக்கிற கதை அவர் காதுக்கு எட்டிவிட்டது. ஒரு நாள் ஜீப் வந்து படலையில் நின்றது. நாளைக் காலையில் இரண்டையும் வாவிக்கரை வெளிக்குக் கொண்டுவர வேண்டும், நல்லதை முகாமுக்கு எடுப்போம் என்று தமிழ் தெரிந்த கொஸ்தாப்பல் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் ஜீப்பில் வந்தவனிடம் மாட்டேன் என்று சொன்னவன் யார்?

யோகராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. றெக்ஸ் போனால் அந்த வளவில் அவர் யார்? மங்கையற்கரசியின் புருசன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சகலர் இருவரும் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் வாவி மீனும் சிரித்திருக்கும்.

"சேர், உலகமெல்லாம் இப்ப பெல்ஜியம்தான்" என்றார் யோகராசா. "அல்சேசனுக்கு நடு முறிவு. இந்த வெக்கைக்கு அந்த மயிரோட நிக்கமாட்டுது."

"சேர், இது வெறும் விளையாட்டு நாய்" என்றார் அழகரத்தினம். "மூக்கு வேலைக்கு அல்சேசன்தான். அது யோசிச்சுச் செய்யும்."

ஒருவர் சரக்கை ஒருவர் கூச்சமில்லாமல் திருடி விற்றார்கள். அதிகாரிக்குப் பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதியும் பிடிக்கவில்லை. நாயை விடச் சொன்னார்.

லூயி வேலியைத் தாண்டியது, பள்ளத்தைத் தாண்டியது. கொஸ்தாப்பல் கையில் சுற்றியிருந்த சாக்கைக் கவ்வியது. அவ்வளவும் அழகு. பிறகு விடவில்லை. கத்தியும் விடவில்லை, வாலைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. சாக்குக் கிழிந்து கொஸ்தாப்பலின் தோலும் கிழிந்த பிறகுதான் விட்டது. அழகரத்தினம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் பொங்கல் வைத்தார்.

அடுத்தது றெக்ஸ். ஒரு வெற்றுத் தோட்டாவைப் பற்றைக்குள் ஒளித்துவைத்து, சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஏவினார்கள். றெக்ஸ் கொட்டாவி விட்டது. வாவியைப் பார்த்தது. காலை நீட்டிப் படுத்தது. யோகராசா வாயே திறக்கவில்லை. அவர் வாழ்நாளில் செய்த புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

அதிகாரி துப்பிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கொஸ்தாப்பல் அதை மொழிபெயர்த்தார்: "ஐயா சொல்றார், இது குப்பை மேட்டு நாயாம்."

இரண்டு நாயும் தப்பிவிட்டன. அதிகாரி ஜீப்பில் ஏறியும் விட்டார். ஆனால் அழகரத்தினத்துக்குப் பழக்கதோஷம். "அதைத்தானே சேர் நானும் இவ்வளவு காலமாச் சொல்றன்" என்று கெக்கலி கொட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை யோகராசாவால் விழுங்க முடியவில்லை. விழுங்கியிருக்கலாம். ஒரு மிடறு.

"றெக்ஸ், குந்து" என்றார்.

நாய் எழுந்து குந்தியது.

"தேடு."

றெக்ஸ் மூக்கைத் தாழ்த்தி ஒரு வட்டம் வந்தது. பற்றையடியில் நின்று தோட்டா கிடந்த இடத்தைப் பார்த்துக் குந்தியது. "பிடி" என்றதும் கிழிந்த சாக்கைப் பாய்ந்து கவ்வியது. "விடு" என்ற சொல் முடிவதற்குள் விட்டுவிட்டு வந்து அவர் காலடியில் கிடந்தது. யோகராசா சகலனைப் பார்த்தார். மனிதர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அந்த ஒரு பார்வைக்காக யோகராசா எதையும் கொடுப்பார். கொடுக்கத்தான் போகிறார்.

அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்கி வந்து, "குன்து" என்றார். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கொஸ்தாப்பலும் சொல்லிப்பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

"என்ட குரலுக்கு மட்டும்தான் சேர்" என்றார் யோகராசா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "வேற எவன் சொன்னாலும் கேக்காது."

அதிகாரி இப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். "நல்லம். அப்ப நீயும் வா" என்றார் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

மறுநாள் விடிய யோகராசா பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சங்கிலியும் கையுமாக நின்றார். பஸ்கள் வந்தன. ஆட்கள் இறங்கி, பைகளை நிலத்தில் வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். தெரிந்த முகங்கள். முதலில் ஆச்சரியப்பட்டுப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை. ஆலைக்கு வரும் கச்சி முகம்மது மட்டும் கடந்து போகையில் நாயைப் பார்த்து, "நீயெண்டாச் சொன்னதைச் செய்ற சாதி. சங்கிலி பிடிச்சவர்?" என்றான்.

றெக்ஸ் வேலையில் பிழைவிடவில்லை. வாரம் முடிவதற்குள் ஒரு பனையோலைப் பைக்கு முன்னால் போய்க் குந்தியது. பைக்குள் மீனுக்கு எறிகிற வெடி இருந்தது. வாவியில் பலர் களவாகச் செய்கிற தொழில்தான். பை கோணாமலையுடையது.

"மீனுக்குத்தான் சேர்" என்று யோகராசா கெஞ்சினார். "இவனை எனக்குத் தெரியும், மூட்டை தூக்கிறவன்."

"உன்ட நாய் பொய் சொல்லுமா?" என்று அதிகாரி கேட்டார்.

கோணாமலையை உள்ளே கொண்டுபோனார்கள். அவன் திரும்பிப் பார்த்தது நாயை அல்ல.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது படலை உள்ளே கொளுவியிருந்தது. மங்கையற்கரசி மறுபக்கத்தில் நின்றாள். முன்வீட்டு வாசலில் அழகரத்தினம் நின்றார். லூயியைக் கழுத்தில் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கோணாமலையிட பொண்சாதி வந்து இதிலதான் விழுந்து கிடந்தவ" என்றாள் மங்கையற்கரசி. "மறுகா இயக்கத்துப் பெடியள் வருவாங்க. உங்களைத் தேடி இந்த வளவுக்குள்ளதான் வருவாங்க. இது என்ட வீடு. நீங்க போங்க."

"எங்க கா நான் போற?"

"உங்களுக்கும் நாய்க்கும் சோறு போடுற இடத்துக்கு."

யோகராசா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அல்சேசனை இரவல் கேட்பவர்கள் எத்தனையோ பேர் என்று ஒரு காலத்தில் சொன்ன பதில். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தார்.

முகாமில் நாய்க்கூட்டுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு பாய் கொடுத்தார்கள். அதிகாரி வந்து பார்த்து, றெக்ஸின் தலையைத் தடவினார்.

"இந்த நாய் உன்டதா, இல்ல அரசாங்கத்திடதா?" என்று பகிடியாகக் கேட்டார்.

"என்டதான் சேர்" என்றார் யோகராசா.