செயலாளரின் குதிரை படுத்தது

உலகம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய செய்தி இது. குதிரையேற்றக் கழகத்தின் செயலாளர், பதினோரு வருடம் அந்தப் பதவியை அலங்கரித்த பிறகு, சொந்தமாக ஒரு குதிரை வாங்கினார். அதுவரை அவர் குதிரையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார், குதிரைப் படம் போட்ட டை கட்டியிருக்கிறார், குதிரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் மட்டும் போனதில்லை. பின்னால் போய் அள்ளுவதற்குக் கழகம் ஆள் வைத்திருந்தது.

அந்த ஆளின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'மூச்சு'. பெயர் வைத்தவர் செயலாளர்.

கதை போன வருடத்தியது. கழகத்துக்கு வருவதற்கு முன் இருபது வருடம் இந்தக் குதிரைக்காரர் வண்டிக்குதிரைகளோடு இருந்தவர். திரும்பக்கூட இடமில்லாத லாயத்தில் கட்டிக்கிடந்த அந்தக் குதிரைகள் நின்றபடியே தூங்கும். அவற்றில் ஒன்று படுத்தால் வயிற்றுவலி என்று அர்த்தம். எழுந்திருக்கவில்லையென்றால் குழி தோண்ட வேண்டும் என்று அர்த்தம். கழகத்தில் சேர்ந்த ஐந்தாம் நாள் மதியம், ஒரு பெண்குதிரை பக்கவாட்டில் நீட்டிப் படுத்து, கால்கள் வெட்டிவெட்டி இழுக்க, முனகிக்கொண்டு, மூச்சை விட்டும் விடாமலும் கிடப்பதைப் பார்த்தார். சாணிக் காலோடு ஓடிப்போய் நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்த கம்பளத்தின் மேல் நின்றார்.

"ஐயா, மூச்சு ஒரு மாதிரி இருக்குங்க."

எல்லோரும் வந்தார்கள். மருத்துவர் வந்தார். குதிரை ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தது, எழுந்தது, உடம்பை உதறியது, நீளமாகக் காற்றுப் பிரித்துவிட்டு வைக்கோலைத் தேடிப் போனது. "வெட்டவெளியில வளர்ந்த குதிரை. இப்படித்தான் அசந்து தூங்கும்," என்றார் மருத்துவர்.

செயலாளருக்கு அன்று நல்ல நாள். "மத்தியானம் சாப்பிட்டா எனக்கும்தாம்ப்பா மூச்சு ஒரு மாதிரி இருக்கு. எனக்கும் டாக்டரைக் கூட்டிட்டு வருவியா?"

சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. பெயர் அடங்கவேயில்லை. வாயிற்காவலர் கூப்பிட்டார், புல் கொண்டுவருகிறவர் கூப்பிட்டார், கடைசியில் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்துக்கே பெயர் போய்ச் சேர்ந்தது. வரப்போகும் சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களை மூச்சுன்னு சொல்றாங்களே, இளைப்பு ஏதாவது உண்டா? பரம்பரையா வர்றதா?" என்று கேட்டார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காட்டித்தான் அந்தச் சம்பந்தம் முடிந்தது. ஒரு மனிதன் தன் நுரையீரலை மாப்பிள்ளை வீட்டாரின் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிற்பது எப்படியிருக்கும் என்று, அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அன்றே முடிவு செய்தார்: செயலாளரும் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அப்படி நிற்க வேண்டும்.

செயலாளரின் குதிரை கழக லாயத்துக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு அது தொப்பென்று படுத்தது. கால் இழுத்தது. முனகியது. மூச்சு ஒரு மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்காரருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியைத் தவிர.

"ஞாயித்துக்கிழமை தலைவருக்கு விருந்து. எல்லாரும் இருப்பாங்க," என்றார்.

"பாவங்க, அந்தக் குதிரை."

"குதிரைக்கு என்ன? அது தூங்கப்போகுது. என் போனை நீயே வச்சுக்க. செயலாளர் கூப்பிட்டா, நான் குளிக்கிறேன்னு சொல்லு."

"எவ்வளவு நேரம் குளிப்பீங்க?"

"ஒரு வருஷ அழுக்கு இருக்கு."

ஞாயிறு காலை செயலாளரிடம் அரைநாள் விடுப்புக் கேட்டார். போகும்போது சும்மா சொல்வதுபோல, "குதிரை படுத்தா மட்டும் ஒரு பார்வை பாருங்க ஐயா," என்றார்.

"ஏன், படுத்தா என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. மூச்சு நிமிஷத்துக்கு எட்டுலேர்ந்து பதினாறுக்குள்ள இருக்கணும். சும்மா எண்ணிப் பாருங்க."

மூச்சை எண்ண ஆரம்பித்தவன் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. அது யாருடைய மூச்சாக இருந்தாலும்.

ஆனாலும் கிளம்புமுன் குதிரையின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார், சாணியைக் கிளறிப் பார்த்தார், காதடியில் வியர்வை இருக்கிறதா என்று தடவினார். குதிரைமேல் அவருக்குப் பகை கிடையாது. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போகாமல் லாயத்துக்கு மேலே வைக்கோல் பரணில் ஏறி, பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டார்.

ஒன்றரைக்குக் குதிரை படுத்தது. ஒன்று நாற்பதுக்கு, விருந்தின் நடுவே, வெள்ளைப் பேன்ட்டில் செயலாளர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முதல் நிமிடம் ஆறு. அடுத்த நிமிடம் இருபத்திரண்டு. அதற்கடுத்து, குதிரை ஏதோ கனவில் ஓடிக்கொண்டிருந்ததால், வெகுநேரம் ஒன்றுமேயில்லை. செயலாளர் போனை எடுத்தார்.

"குளிக்கிறாரா? இன்னுமா?"

மண்டியிட்டார். பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் குதிரையின் பின்பக்கமாகச் சுற்றிப் போனார், போன இடத்தில் காலை வைக்கக்கூடாததில் வைத்தார். குதிரை முனகியது. செயலாளர் ஓடினார்.

விருந்து மண்டபத்திலிருந்து அந்தக் குரல் பரண்வரை கேட்டது: "மூச்சு ஒரு மாதிரி இருக்கு!"

கழுத்தில் துணி செருகியபடியே எல்லோரும் வந்தார்கள். தலைவர் வந்தார். மருத்துவர் வாயில் இருந்ததை மென்றுகொண்டே வந்தார். குதிரை கண் திறந்தது, எழுந்தது, உதறியது, காற்றுப் பிரித்தது. கழகத்தின் கொடியே ஆடும்படிப் பிரித்தது.

பரணில் அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். ஒரு வருடம் காத்த மனிதருக்கு அரை நிமிடம் பெரிதல்ல.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

தலைவர் செயலாளரின் முழங்காலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "இதுக்குப் பேருதான் பொறுப்பு," என்றார். "சாப்பாட்டை விட்டுட்டு, போட்டிருக்கிற உடுப்பைக்கூடப் பார்க்காம ஒரு மனுஷன் ஓடி வந்திருக்காரு."

"சரியான நேரத்துல கவனிச்சீங்க சார்," என்றார் மருத்துவர். "இந்த மாதிரி மூச்சு எங்க கொண்டுபோய் விடும்னு சொல்லவே முடியாது."

"உட்கார்ந்து எண்ணியிருக்கேன்," என்றார் செயலாளர் அடக்கமாக. "எட்டுலேர்ந்து பதினாறுக்குள்ள இருக்கணும்."

"பாருங்க, புள்ளிவிவரத்தோட இருக்காரு," என்றார் தலைவர். கைதட்டினார்கள். மருத்துவர் இரண்டு முறை தட்டினார்.

"அதுசரி, குதிரைக்காரன் எங்க?"

"குளிக்கிறானாம்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பரணில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். வைக்கோல் தூசியில் தும்மல் வந்தது, அதையும் விழுங்கினார்.

திங்கட்கிழமை குழு கூடித் தீர்மானம் போட்டது. இனி கழகத்தின் பதினான்கு குதிரைகளும் மதியம் படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். முறைக்குச் செயலாளரின் பெயர் வைக்கப்பட்டது. எண்ணும் வேலை குதிரைக்காரருக்குத் தரப்பட்டது.

அவருக்கு மதியத் தூக்கம் போயிற்று.