தலைவர் சொன்னால் நாரைதான்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காகத்தைப் பார்த்து ராஜாளி என்று சொன்னால், அது ராஜாளியாகிவிடும். பறவை பார்ப்போர் சங்கத்துக்கு அவர் தலைவரான நாளிலிருந்து இப்படித்தான். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்ட மனுஷன், தன் மூக்கில் ஒன்றை மாட்டிக்கொள்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். பார்வை மங்க மங்கக் குரல்தான் உயர்ந்தது. ஏரிக்கரையில் நின்று விரலை நீட்டி அவர் ஒரு பெயரைச் சொன்னதும், கிளையில் இருப்பது எதுவானாலும் சிறகை உதறி, அலகை நீட்டியோ வளைத்தோ அந்தப் பெயருக்குத் தோதாக மாறிக்கொள்ளும். சங்கத்தார், அதாவது ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், வேலைவெட்டி இல்லாத இன்னும் சிலர், "ஆமாமா, ராஜாளியேதான்" என்று தலையாட்டுவார்கள். மாடுகூட இவ்வளவு சீக்கிரம் தலையாட்டாது. ஒருதடவை கரண்டுக் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பையை வெள்ளை ஆந்தை என்றார். அந்த ஆந்தை இன்றைக்கும் தபாலாபீஸ் பரணில் குடியிருக்கிறது, எலி பிடிக்கத் தெரியாமல்.

மறுத்துப் பேசியது அவர் மனைவி ஒருத்திதான். டீ பிளாஸ்க்கையும் மடக்கு நாற்காலியையும் சுமந்துகொண்டு பின்னாலேயே வருபவள். "என்னங்க, அது வெறும் புறாங்க" என்பாள். "உனக்கென்ன தெரியும், டீயை ஊத்து" என்பார். ஊற்றி நிமிர்வதற்குள் புறா பருந்தாகியிருக்கும். போகப்போக அவள் வாய் திறப்பதை விட்டுவிட்டாள்.

அந்த வசந்தத்தில், கடலோர ஊரில் தனியாக இருந்த அவள் தங்கை இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று இவள் கேட்டாள். பறவைகள் கடந்துபோகிற சீசனாம், முடியட்டும் என்றார். அவரே பிளாஸ்க்கைத் தூக்கினால் கை ஒடிந்தா போய்விடும்? அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். சீசன் முடியட்டும் என்றார். வந்திறங்கிய பறவைகளோ கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, தங்கையின் ஊர்ப்பக்கமாகத்தான் பறந்துபோய்க்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறெரிந்தது.

சங்கம் மொத்தமும் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் பிளாஸ்க்கைக் கரையில் வைத்துவிட்டு, சாம்பல் நிறச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோரைப்புல்லுக்கு நடுவே தண்ணீரில் இறங்கினாள். ஒரு காலை மடக்கி, கழுத்தை வளைத்து, ஆடாமல் அசையாமல் நின்றாள். பல் டாக்டர் அவளைப் பார்த்தார். தலைவர் வீட்டம்மா என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் தலைவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று காத்திருந்தார். தலைவர் பைனாகுலரைத் திருகினார். "சாம்பல் நாரை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நாரை நிதானமாக இரண்டடி நடந்து, கால்களைப் பின்னால் நீட்டி எழும்பியது. கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் அவர் டீ ஊற்ற ஆளைத் தேடினார்.

மறுநாள் தங்கை போன் பண்ணினாள். "அக்கா வந்துட்டா, மாமா. ஜன்னல்ல உக்காந்திருக்கா. இன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சு." அவர் கேட்டது இவ்வளவுதான்: "கால் மஞ்சளா இருக்கா, சரியா பாத்துச் சொல்லு." தங்கை போனை வைத்துவிட்டாள். நாரை தினமும் மீன் கொண்டுவந்து போட்டது. மழைக்காலத்துக்குள் தங்கை எழுந்து நடந்தாள்.

அடுத்த வசந்தத்தில் பறவைக் கூட்டம் வந்திறங்கிய நாளில் நாரையும் ஏரிக்கு வந்தது. நேராக வந்து, மடக்கு நாற்காலிக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில் நின்றது. தானே துவைத்து, தானே சமைத்து, மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். என் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சேலையோடு நின்றிருப்பாள். அது அவருக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். உதடு அசைந்தது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் போன வருஷம் சொன்னது தப்பு என்றாகிவிடுமே.

"இது என்ன பறவை, தலைவரே?" என்றார் கணக்கு வாத்தியார்.

"சாம்பல் நாரைதான். போன வருஷமே சொன்னேனே."

நாரை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பிளாஸ்க் மூடியின்மேல் எச்சமிட்டுவிட்டு, தங்கை வீட்டுப் பக்கமாகப் பறந்துபோனது. ஆமாமா, நாரையேதான் என்றார்கள் சங்கத்தார்.