பத்தாவது ஆளுக்கு முயல் கறி

முதல் உலகப் போரில், பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் விமானத் தளத்தில் கொலார் சாரை மிஞ்சிய விமானி இல்லை. ஒன்பது ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர். பாரிஸ் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. "இன்னும் ரெண்டு பதக்கம் குத்தினா ஏரோப்ளேன் மேலயே ஏறாது சார்" என்பான் சமையல்காரன் மத்தூரன். அந்த ஒன்பது விமானங்களிலிருந்தும் ஒருவன்கூடப் பிழைக்கவில்லை. கொலாருடைய மெக்கானிக் நான். அந்த மனிதர் ராத்திரியில் தூங்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் விழுந்த எதிரி விமானி உயிரோடிருந்தால், சிறைக்கு அனுப்புமுன் அழைத்து வந்து ஒரு வேளை விருந்து வைப்பது விமானிகளின் வழக்கம். மற்றவர்கள் அழைத்து வந்தார்கள். இவருக்கு வாய்க்கவே இல்லை.

ஒருநாள் தரையில் இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார். "எஞ்சினை மட்டும் அடிச்சேன்ப்பா! பூ மாதிரி எறங்கிட்டான். கையாட்டுறான்னா பாத்துக்கோ! மத்தூரன், முயல் இருக்கா?"

"ஒயின்ல ஊறுது சார். வர்ற மாப்பிள்ளைக்குத் தொடையா, ஈரலா?"

"ரெண்டையும் வைடா!"

அவனை அழைத்து வரப் போன காரை நான் ஓட்டினேன். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்.

வயலில் விமானம் நொறுங்காமல் நின்றது. பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தான் அந்தப் பையன். எதிரி மண்ணில் இறங்கினால் விமானத்தைக் கொளுத்திவிட வேண்டும், எந்த நாட்டு விமானிக்கும் அதுதான் விதி. கொளுத்தத்தான், சைகைக்கு வாணம் விடும் வெளிச்சத் துப்பாக்கியை எடுத்திருக்கிறான். எங்கள் காலாட்படைக்கு அது எங்கே தெரியும்?

"எங்களச் சுட வர்றான்னு நெனச்சு சுட்டுட்டோம் சார்" என்றான் சார்ஜென்ட். "உங்களுக்கு இது பத்தாவதாமே, வாழ்த்துகள்!"

கொலார் அவனை அடிக்கவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

சாயங்காலம் கேப்டன் கோப்பையைத் தூக்கி, புதுப் பதக்கம் வருகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். விருந்தாளிக்குப் போட்டிருந்த தட்டை மத்தூரன் எடுக்கப் போனான். "இருக்கட்டும்" என்று கொலார் தன் கையாலேயே தொடையும் ஈரலும் பரிமாறினார். கறி ஆறி நெய் உறையும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை கொட்டகைக்கு வந்தார்.

"வேவு பலூனக் கொளுத்தப் போடுற நெருப்புத் தோட்டா இருக்கில்ல? இனிமே என் மெஷின்கன்ல அதையே போடு."

"சார், ஆளு உயிரோட எரிஞ்சு போவானே."

"மேலயே முடியட்டும்ப்பா. கீழ வந்தா பொழச்சுப்பான்னு இன்னொரு தடவ நம்ப எனக்குத் தெம்பில்ல."

போட்டுக் கொடுத்தேன். பதினொன்றாவது ஆள் வானத்திலேயே எரிந்தான். அதற்கும் ஒரு பதக்கம் வந்தது.