நறுநெய் தோய்ந்த பஞ்சு

மதில்களின் மேல் இளவெயில் ஏறத் தொடங்கிய அவ்வேளையில், நகர் நடுவே நின்ற மருத்துவமனையின் நீண்ட நடைவழிகளில் கழுவிய தரை காயாமலும் தள்ளுகட்டில்களின் உருளைகள் ஓயாமலும் இருக்க, காத்திருப்போர் அமர்ந்தும் எழுந்தும் நடந்தும் மீண்டும் அமர்ந்தும் அலைக்கழிய, அமைதி என்பது அங்கே சுவரில் எழுதிய சொல்லாக மட்டுமே இருந்தது, நல்லீர்!

அறுவைக்குச் செல்வோரின் அச்சம் தணிக்க, மல்லிகை வாசனை எண்ணெயாகிய நறுநெய்யில் பஞ்சைத் தோய்த்து அவர்தம் மூக்கருகே பிடிக்கும் செவிலி ஒருத்தி அங்கு இருந்தாள். மலைபோன்ற மீசைக்காரரும் அவள் கைமணம் நுகர்ந்தால் பசுவாய் அடங்குவர் என்று உடன்பணியாளர் கேலி பேசுவர். அன்றோ கட்டிலில் கிடந்தவள் அவளுடைய ஒரே மகள். செவியினுள் செய்யவேண்டிய சிறு அறுவை, நாடி படபடத்தமையால் முன்னரே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ளினால் கேட்கும் திறனே போய்விடும் என்றிருந்தார் மருத்துவர்.

தாய் பஞ்சை நீட்டினாள், நாடி ஏறியது. போதவில்லை போலும் என்றெண்ணி மேலும் சில துளி சேர்த்தாள். சிறுமி முகந்திருப்பிக் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு நடுங்கினாள். ஊரார் அச்சத்தையெல்லாம் ஓட்டியவள், கையிலிருந்த பஞ்சையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தாள். மருத்துவர் வந்து நாடி பார்த்து, இன்றும் இயலாது போலிருக்கிறதே என்று மெல்லச் சொன்னார்.

“ஏண்டி கண்ணு பயப்படுற? அம்மாதான் பக்கத்துலயே இருக்கேனே.”

“அந்த வாசனை வேணாம்மா. அது வந்தா நீ போயிடுவ.”

நாள்தோறும் பணிக்குப் புறப்படுமுன் அன்றைய நெய்யைத் தன் மணிக்கட்டில் தடவி முகர்ந்து பார்ப்பதும், அந்த மணத்தோடே குனிந்து மகளை முத்தமிட்டுக் கதவைச் சாத்திச் செல்வதும் அவள் வழக்கம். பிறர்க்கெல்லாம் ஆறுதலான மல்லிகை, பெற்ற மகளுக்குச் சாத்திய கதவாய் இருந்திருக்கிறது. அதை அறியாது போனோமே என்று அவள் நெஞ்சு வெந்தது.

பஞ்சை எறிந்தாள், முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், ஈரக்கையோடு வந்து மகளின் விரல்களைப் பற்றினாள். சிறுமி அக்கையை முகர்ந்து பார்த்தாள். ஒரு மணமும் இல்லை. நாடி மெல்ல மெல்ல இறங்கியது, மருத்துவர் தலையசைத்தார். மயக்கமருந்தில் மகள் கண்ணயர்ந்த பின்னரே தாய் கையை விடுவித்துக்கொண்டாள்.

கட்டில் உள்ளே சென்றது, கதவு சாத்தப்பட்டது. நடைவழியில் அமர்ந்தும் எழுந்தும் தவித்தவளிடம் தோழி ஒருத்தி நறுநெய்ப் பஞ்சை நீட்ட, வேண்டாமென்று தலையசைத்தாள். அச்சம் தீர்க்கும் ஆற்றல் மணத்துக்கு உண்டுதான். ஆயின் மணத்துக்கு நினைவும் உண்டு. நாள்தோறும் கதவைச் சாத்திப் போனவள், சாத்திய கதவின் இப்புறம் நிற்பது எத்தகையது என்பதை அன்றுதான் அறிந்தாள்.