மேளம் கூடாத மாதத்தில் லாமிலே

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கானா நாட்டின் இந்த டேஷிக் கடற்கரையில் எவனாவது டெடேயாகிய என்னை முந்திக்கொண்டு உங்களிடம் சொல்வான், கூட நாலு சேர்த்தும் சொல்வான்.

லாமிலே என் கெங்கேக் கடையில் வேலை பார்த்தவள். புளித்த சோள மாவை உருட்டி, சோள மடலில் சுற்றி வேகவைத்து, பொரித்த மீனும் மிளகாய் அரைப்பும் வைத்துக் கொடுப்போம். நான் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். லாமிலே கொடுத்தால் நின்று கேட்பார்கள். வருகிறவன் முகத்தைப் பார்த்து அந்த நிமிஷமே பாட்டுக் கட்டுவாள். மீன் தலைக்குச் சண்டை போடுகிறவன், மிளகாய் மட்டும் மூன்று கரண்டி கேட்கிறவன், ஒருத்தரும் தப்ப முடியாது. மூச்சு விடாமல் ராப், கடைசி வரியில் மட்டும் குரலை இழுத்துப் பாடுவாள். அந்த இழுப்புக்காகவே திட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் உண்டு.

ஒருத்தி அதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டாள். ஒரே வாரத்தில் முப்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். என் சட்டியும் அதில் தெரியும், கழுவாத சட்டி. அப்புறம் ஓப்போக்கூ என்ற குமாசிக்காரன் மேனேஜராக வந்து அவளை அக்ராவின் பணக்காரத் தெருவுக்குக் கூட்டிப்போனான். இரண்டு வருஷத்தில் ஒன்பது பாட்டு. லாகோஸில் கச்சேரி, லண்டனில் கச்சேரி. போஸ்டரில் அவள் கண்ணிமை மட்டும் ஒரு முழம் இருந்தது.

எங்கள் ஊர் சட்டென்று பாராட்டிவிடுமா? புதுப் பாட்டு வரும்போதெல்லாம் வலை பின்னும் போர்க்கெட்டே என் கடைக்கு வந்து போனை ஆட்டுவான்.

"டெடேய், உன் கடைப் பொண்ணு பாட்டக் கேட்டியா? பாடுறது அவ இல்ல, மெஷினு. நான் இருமுனாக்கூட அந்த மெஷினு தேனா மாத்திரும்."

"உன் வாய மாத்த மெஷின் வந்திருக்கான்னு பாரு, மொதல்ல அத வாங்கு" என்பேன். ஆனால் எனக்கும் உள்ளே உறுத்தும். பாட்டு எல்லாம் வழுவழுவென்று இருந்தது. அந்த இழுப்பைக் காணோம்.

போன மாதம் லாமிலே போன் செய்தாள்.

"அக்கா, நம்ம ஊர்ல சும்மா ஒரு கச்சேரி வெக்கப் போறேன், டிக்கெட்டே கெடையாது. மேளத் தடை எப்ப முடியுது?"

சோளம் விதைத்ததும் எங்கள் கா இனத்து ஊர்களில் ஒரு மாதம் மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, கைதட்டல்கூடக் கிடையாது. பயிர் சத்தமில்லாமல் முளைக்க வேண்டும். இதில் ஊருக்கு ஊர் தேதி வேறு. நான் நுங்குவாவில் பிறந்தவள். டேஷிக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகியும் என் மனசு பிறந்த ஊர்க் கணக்கில்தான் நாளை எண்ணும். மாவு பிசைந்துகொண்டே ஒரு தேதி சொன்னேன். அது நுங்குவாவில் தடை முடியும் தேதி. டேஷியில் இன்னும் பல நாள் பாக்கி.

ஓப்போக்கூ வெளியூர்க்காரன், அவனுக்கு எங்கள் வழக்கமெல்லாம் எங்கே தெரியும்? ஊர்க்காரர்களோ, பெரிய ஆளாகிவிட்டாள், அனுமதி வாங்கியிருப்பாள் என்று இருந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்கியாயிற்று, கூட்டமும் சேர்ந்துவிட்டது. அப்போது ஊர்ப் பெரியவர்கள் அனுப்பிய லார்யே வந்து நின்றார். கத்தவே இல்லை.

"ஒயர உருவுங்கப்பா. மண்ணு தூங்குது."

ஓப்போக்கூ குதித்தான். லாமிலே என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"அடியே, நான் எங்க ஊர் தேதியச் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. கடைக்குள் வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா."

"என்னடி நல்லது?"

"ரெண்டு வருசமா மெஷின் இல்லாம நான் ஒரு வரி பாடல. போன வாரம் வீட்ல தனியாப் பாடிப் பாத்தேன், ஏதோ கரகரங்குது. இங்க வந்து ஒரு பாட்டுக்கு மட்டும் மெஷின நிறுத்திப் பாக்கலாம், நம்ம சனம் முன்னாடி பழைய கொரலு வந்துரும்னு நெனச்சேன். இப்ப பயமா இருக்கு. போர்க்கெட்டே சொல்றது நெசமா இருந்தா நான் யாரு, அக்கா?"

வெளியே ஓப்போக்கூ கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து போர்க்கெட்டே கடை வாசலில் தலையை நீட்டினான்.

"கச்சேரிதான் இல்ல, கெங்கேயாவது உண்டா? இல்ல அதுக்கும் மெஷின் வேணுமா?"

எனக்கு வந்ததே கோபம்! அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்திரிடி. அவனுக்கு ரெண்டு எடுத்து வை."

அவள் சட்டிக்குள் கைவிட்டாள். சூடு பட்டதும் கையை உதறினாள், பழையபடி. அவன் முகத்தைப் பார்த்தாள், அதுவும் பழையபடி. முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக் காற்றாகத்தான் வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் விடவில்லை.

"வலையப் பின்னச் சொன்னா வாயப் பின்றான்,
வாங்குன கெங்கேய நின்னே தின்றான்,
மெஷினு மெஷினுன்னு ஊரெல்லாம் சொன்னான்,
மெஷினு இங்க இல்ல, கேட்டுக்கோ அண்ணா..."

அந்த 'அண்ணா'வில் குரலை இழுத்தாள். பாதியில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மேலே ஏறியது. இரண்டு வருஷமாக நான் தேடிய இழுப்பு அதேதான்.

எல்லோரும் லார்யேயைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"யாவாரம்தான பண்ணுது? கூவி விக்கிறதுக்குத் தடை இல்ல. ஆனா எவனாச்சும் கை தட்டுனீங்க, அந்தக் கை வீட்டுக்குப் போகாது."

ஒருத்தரும் தட்டவில்லை. போர்க்கெட்டே கடைசி வாயை முழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினான்.

"இன்னொண்ணு வை."

"வயிறா, வண்ணாந்தாழியா?" என்றேன்.

"நீ சும்மா இரு டெடேய். அவ வெக்கட்டும்."

கலைந்த கூட்டம் திரும்பி வந்து, அவனுக்குப் பின்னால் வரிசை கடல்வரைக்கும் போயிற்று. ஒருத்தர் விடாமல் திட்டு வாங்கினார்கள். லார்யேயும் வாங்கினார், இரண்டு தரம். நாளைக்கு வைத்திருந்ததையும் வேகவைத்தேன், அதுவும் தீர்ந்தது.

ஓப்போக்கூ கூட்டத்துக்குள் ஓடி ஓடிக் கேட்டான்.

"யாராவது போன்ல எடுத்தீங்களா? ஒருத்தர்கூடவா எடுக்கல?"

பதிலுக்கு எல்லோரும் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அத்தனை கையிலும் மிளகாயும் மீன் எண்ணெயும். போனைத் தொட்ட கை ஒன்றுகூட இல்லை. சத்தமே இல்லாமல் நூறு நூற்றைம்பது கை மேலே நின்றது. கைதட்டலைத் தடுத்த லார்யேயால் அதைத் தடுக்க முடியவில்லை.

லாமிலே அதைப் பார்த்தாள். அப்புறம் காலிச் சட்டிமேல் குனிந்து கேவிக் கேவி அழுதாள்.

"என் கொரலு எங்கயும் போகலக்கா. எங்கிட்டதான் இருக்கு."