மணிக்கு வேண்டிய ஈரம்

சோப்புக்கு வாசனை தரும் எஸ்டர் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அக்காவுக்கு 'நொதிக்காரி' என்று பேர். வைத்தது அவள் சொந்தத் தம்பிதான். உற்பத்திப் பிரிவு அவன் பொறுப்பு. ஆள் அமிலக் கட்சி. அமிலத்தைக் கொட்டிக் கொதிக்கவிட்டால் எஸ்டர் தயார், கருகல் வாடை அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும் என்பான். அக்காவுக்கு அந்த வாடை சுத்தமாக ஆகாது. நொதியை, அதாவது என்சைமை, குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் மணிகளின் மேல் ஒட்டவைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் போட்டு, வெதுவெதுப்பான சூட்டிலேயே எஸ்டரை வரவழைத்திருந்தாள். வேலை முடிந்ததும் மணிகளை வடிகட்டி மறுபடி போடலாம். அந்த 'மறுபடி'யில்தான் முதலாளிக்குச் சந்தேகம். பழைய மணி தன் கண்முன்னால் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அமிலமே போதும் என்று சொல்லிவிட்டார்.

அதைக் காட்ட வேண்டிய அன்றைக்குப் பார்த்து, பழைய மணிகள் கலனுக்குள் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர, மதியம்வரை எஸ்டர் வரவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சூடு சரி, கரைப்பான் சரி. அக்கா ஒரு கரண்டி மணியை அள்ளி உள்ளங்கையில் போட்டாள். ஹெக்சேன் ஆவியாகிப் பறந்ததும் அவை துளி ஈரமில்லாமல் காய்ந்த மணலாகப் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இதை யார் கழுவினது?"

"நான்தான்," என்றான் தம்பி, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "நீ வெறும் ஹெக்சேன்ல அலசி வச்சிருந்த. நான் அசிட்டோன்ல அலசி நல்லா காயவச்சேன்."

ரசாயனக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது. கையில் எது கிடைத்தாலும் அசிட்டோனில் அலசிவிட்டுத்தான் கீழே வைப்பான். கண்ணாடிக் குடுவைக்கு அது சரி. நொதிக்கு மேலே மெல்லிய ஈரம் இருந்தால்தான் உடம்பு வளைந்து வேலை செய்யும். ஹெக்சேன் தண்ணீரோடு சேராது, அதனால் அந்த ஈரத்தை விட்டுவைக்கும். தண்ணீரோடு கலக்கும் அசிட்டோனோ அதை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

அக்கா மணிகளை வடிகட்டித் தட்டில் பரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். தம்பி பதறிக்கொண்டு கிட்டே வந்தான். தண்ணீர் மிஞ்சினால் உண்டான எஸ்டரும் உடையும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, இருக்கிறதையும் கெடுத்துக்காத."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலமுறை கெடுத்துப் பார்த்துப் பழகிய கை அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். மணிகள் ஈரத்தைக் குடிக்கும்வரை மூடிவைத்தாள். பிறகு புது மூலப்பொருளோடும் ஹெக்சேனோடும் கலனில் இறக்கினாள்.

சாயங்காலம் மாதிரிக் குப்பியைத் திறந்ததும் அறை முழுக்கப் பழ வாசனை. கருகல் துளியும் இல்லை. சோதனைக் கருவியும் அதையே சொன்னது. தன் பெருமையை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

முதலாளி மோந்து பார்த்தார், இன்னொரு தடவையும் மோந்தார். காலையில் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன்பே தம்பி, தான் அசிட்டோனில் அலசியதை ஒளிக்காமல் சொன்னான். இனி இந்த மணிப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று முதலாளி அவனைக் கடிந்துகொண்டார்.

"இல்லைங்க," என்றாள் அக்கா. "செத்துப்போச்சுன்னு நெனச்ச மணி, எழுந்து வேலை செஞ்சிருக்கு. நாளைக்கும் இதே மணிதான். அதை என் தம்பியே கழுவட்டும்."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டே ஹெக்சேன் கேனை எடுக்கப் போனான்.