பாலம்மாவுக்கு அடித்த மணி

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. மேலே செங்கல் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கிறது என்று டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சனிக்கிழமை என்பதால் பின்னால் சுற்றுலாக் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஃபெபி ஜன்னலோரத்தில் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிவாரத்தில் இருந்த போன் சிக்னல் நாலாவது வளைவிலேயே போய்விட்டது. அதற்காக அவள் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக எதற்குமே அலட்டிக்கொள்ள முடியவில்லை. பல் பிடுங்குவதற்குப் போடும் ஊசி, வாயோடு நிற்காமல் உடம்பு முழுக்க இறங்கிவிட்ட மாதிரி மரத்துக் கிடந்தது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்குள் நாகலூர் போய்ச் சேர்ந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சாகப்போறேம்மா, டிவியிலதான், பயந்துறாத" என்று சொல்லிவிட வேண்டும். தெரசம்மாளுக்குப் போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. போனில் சொன்னால் பாதியைத்தான் கேட்பாள், மீதியை அவளே இட்டுக்கட்டிக்கொண்டு அழுவாள்.

சீரியலில் ஒரு ஆளைத் தூக்க இரண்டு வழி உண்டு. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு வேறு முகத்தைக் கொண்டுவருவது ஒன்று. சுவரில் ஒரு போட்டோ, அதற்கு ஒரு மாலை, கீழே ஒரு விளக்கு, தீர்ந்தது என்பது இன்னொன்று. 'ஏகாம்பரம் வீட்டு விசேஷம்' பதினோரு வருஷமாக ஓடும் காமெடி சீரியல். அதில் எதிர்வீட்டுப் பாலம்மாவாக நடித்த ஃபெபிக்கு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாலம்மா செத்துப்போவாள், அவளுடைய தங்கை ஊரிலிருந்து வருவாள், தங்கைக்கு இருபத்திமூன்று வயது. "திங்கக்கிழமைதான்க்கா வரும், அதுவரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்று மேனேஜர் கார்த்தி சத்தியம் செய்திருந்தான். மாலை போட நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்று அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்டான். போன கிறிஸ்துமஸுக்குக் காப்பிக் களத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பினாள். அதில் அவள் நன்றாக இருந்தாள், அதனால் அதை அனுப்பினாள்.

ஏற்காட்டுக் கான்வென்ட் ஒன்றில் அவள் படித்தபோது ஆறு வருஷம் தொடர்ந்து கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளே கறுப்பு ராஜா. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பு. வேறு பள்ளிகளில் யாராவது ஒரு பிள்ளைக்குக் கரி பூசுவார்கள், நமக்கு அந்தச் செலவு மிச்சம் என்று சிஸ்டர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஃபெபிக்குக் கிரீடம் பிடித்திருந்தது, அதனால் அவளும் சிரித்தாள். அப்புறம் சேலத்து ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை, லோக்கல் கேபிளில் வாழ்த்து வாசிக்கும் வேலை, இருபத்தியாறு வயதில் சென்னை. வேலைக்காரி, பிச்சைக்காரி, இரண்டு தடவை பேய். மேக்கப் தேவைப்படாத பேய் என்று ஒரு டைரக்டர் வாய்விட்டுப் பாராட்டினார்.

பாலம்மா கிடைத்தது அவளுடைய வாயால்தான். ஆள் தேர்வுக்குப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் அவளைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள், "கரண்ட் போனா கவலைப்படாதீங்க சார், நான் சிரிக்கிறேன், வெளிச்சம் வந்துரும்" என்றாள். அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொண்ட வித்தை. நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த வரியே வேலையாகிவிட்டது. எபிசோடுக்கு ஒரு தடவை ஏகாம்பரம் வீட்டில் கரண்டு போகும், "சிரி பாலம்மா" என்பார்கள், இருட்டில் பல் மட்டும் தெரியும், பின்னாலிருந்து ரெக்கார்டு பண்ணிய சிரிப்பு ஒலிக்கும். ஊரில் தெரசம்மாள் ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். கரண்டு போகிற இடம் வந்ததும் அடுப்பில் எதையோ வைத்தவள் போல எழுந்து உள்ளே போய்விடுவாள். இதை லீவுக்குப் போனபோது ஃபெபியே பார்த்திருக்கிறாள். என்ன என்று கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு பெண், பத்து வயது மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "இவளையும் ஸ்கூல்ல பாலம்மான்னுதானுங்க கூப்புடறாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஃபெபி அதன் தோளில் கைபோட்டு, பழக்க தோஷத்தில், பல் தெரியச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று அப்புறம் ரொம்ப நாள் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவளுடைய சொந்த நிறமும் அவர்களுக்குப் பத்தவில்லை என்பதுதான் வேடிக்கை. "கேமராவுல மாநிறமாத் தெரியுறீங்கக்கா" என்று மேக்கப்மேன் கோபி தினமும் இரண்டு பங்கு கூடுதலாகக் குழைத்துப் பூசுவான். காதுக்குப் பின்னால் போனது கழுவினாலும் முழுசாக வராது, எப்போதும் ஒரு கோடு நிற்கும். வியாழக்கிழமை புதுப் பெண் மேக்கப்புக்கு உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை, வெள்ளை வெளேரென்று இருந்தாள், ஃபெபியைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். கோபி கிண்ணத்தில் ஏதேதோ கலந்து பார்த்தான், சரியாக வரவில்லை. கடைசியில் திரும்பி, "அக்கா, உங்க கையக் கொஞ்சம் நீட்டுங்களேன்" என்றான். ஃபெபி நீட்டினாள். அவள் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்ணின் கன்னத்தில் நிறத்தை ஏற்றினான். இருபது நிமிஷம். கை வலிக்கிறதா என்று அந்தப் பெண்தான் கேட்டாள். வலிக்கவில்லை. அப்போதிருந்துதான் எதுவுமே வலிக்கவில்லை.

லாரி ஒருவழியாகத் திரும்பியது. ஏற்காட்டில் இறங்கி நாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனுக்கு உயிர் வந்தது. நாற்பத்திமூன்று தவறிய அழைப்புகள். கார்த்தியிடமிருந்து ஒரு செய்தி: 'அக்கா ஸாரி. சேனல்ல காலையிலயே மாலை போட்ட போட்டோவோட ப்ரோமோ விட்டுட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன்.' அம்மாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அந்த ஸ்டென்ட் ஞாபகம் வந்தது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் பயம் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்ததே தவிர உள்ளே வரவில்லை.

எதிர் சீட்டில் எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்பும் ராணி, அம்மாவின் பக்கத்து வீடு, தன் போனையும் இவள் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபெபி துப்பட்டாவை இறக்கினாள். ராணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாரில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நீங்க..."

"நான்தான் ராணி. சாகல."

"ஆண்டவரே! ஊரே ஸ்டேட்டஸ் வெச்சிருக்குதுங்க. மாலையெல்லாம் போட்டு, 'நம்மை விட்டுப் பிரிந்தார்'னு. நான் பாதி வேலையில எஸ்டேட்டுக் கணக்கு ரைட்டருகிட்ட சொல்லிட்டு ஓடியாறேன்."

"அம்மா எப்படி இருக்குது?"

"தெரியலீங்கக்கா. யாரும் போனெடுக்க மாட்டீங்கறாங்க."

பஸ் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும்போது மணிச் சத்தம் கேட்டது. ஒன்று. நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னொன்று. நாகலூர்க் கோயிலில் துக்கத்துக்கு அப்படித்தான் அடிப்பார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டே, "யாருக்குங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

ராணி ஃபெபியைப் பார்த்தாள்.

"எனக்குங்க" என்றாள் ஃபெபி.

வீட்டு வாசலில் அதற்குள் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் நடந்து வருவதைப் பார்த்து நாற்காலி தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் துக்க வீட்டுக்குத் தானே பையோடு வருவது சங்கடமாகத்தான் இருந்தது. யாரிடமாவது வாங்க என்று சொல்ல வேண்டுமா, வரவேற்கப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. அதுதான் அவளை வேகமாக நடக்க வைத்தது.

தெரசம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் யாருடைய போனோ. சுற்றி நின்ற பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, கத்தவும் இல்லை. மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னனா இல்லியா? இது என்ற புள்ள இல்லைன்னு சொன்னனா இல்லியா?"

போனை ஃபெபியிடம் நீட்டினாள். மாலைக்குள் இருந்தது அந்தக் காப்பிக் களத்துப் படம்தான். அதே புடவை, அதே சிரிப்பு. முகம் மட்டும் கோதுமை மாவு நிறத்தில் இருந்தது. கழுத்தும் காதும் கூட விடாமல் வெளுத்திருந்தார்கள்.

"பதினோரு வருசமா கரியப் பூசுனாங்க, செத்ததீம் சுண்ணாம்படிச்சுட்டாங்களாக்கும்" என்றாள் தெரசம்மாள். "ஊருக்கே கண்ணவிஞ்சு போச்சு. என்ற புள்ள என்னாட்டக் கறுப்புன்னு எனக்குத் தெரியாதா? இவளுக எல்லாம் சேந்து என்னைய அழுவச் சொல்றாளுக. எவளுக்கோ மால போட்டதுக்கு நான் எதுக்கு அழுவோணும்?"

வாசலில் ஸ்தனிஸ்லாஸ் வந்து நின்றார். கோயிலில் நாற்பது வருஷமாக மணியடிப்பவர். கயிறு பிடித்த கை சிவந்திருந்தது.

"அம்மிணி, மன்னிச்சுக்கோ கண்ணு. உங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பெத்தவ மனசு ஒத்துக்க மாட்டீங்குதுன்னு நெனச்சு அடிச்சுப்போட்டேன். அடிச்ச மணிய எப்புடித் திருப்பறதுன்னு தெரியலையே."

யாருக்கும் தெரியவில்லை. இதுவரை அப்படி ஒரு தேவை வந்ததில்லை. கடைசியில் தெரசம்மாள்தான், "போயித் திருநா மணிய அடிங்க. கேக்கறவங்க கேக்கட்டும்" என்றாள். அவர் வேகமாகப் போனார்.

பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஃபெபி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவைத்த வார்த்தைகள் எதற்கும் இப்போது வேலையில்லை. "வேலை போயிருச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரி வந்தது குரல்.

தெரசம்மாள் மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முந்தானை முனையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இங்க இன்னும் ஒட்டிட்டிருக்குது."

"போகாதும்மா. விடு."

"போவும்."

அழுத்தித் தேய்த்தாள். காப்பிப் பழம் பறித்துப் பறித்துச் சொரசொரத்துப்போன விரல்கள். வெளிர் நீலப் புடவை முனையில் கறுப்பு இறங்கியது. முந்தானையை மடித்து, சுத்தமான பக்கத்தை மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்தாள். கோயிலில் திருவிழா மணி தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. தெருவில் யாரோ யாரையோ, இன்றைக்கு என்ன திருவிழா என்று கேட்கும் சத்தம் வந்தது.

"வலிக்குதும்மா" என்றாள் ஃபெபி.

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த காதைத் திருப்பினாள்.